சொறி விழாத காய்

அப்பு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ நல்லா இல்லை என்று எனக்குத் தெரியும். பவித்ரா நேற்றுப் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இப்போது சொல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்று மிரட்டித்தான் அவள் வாயைத் திறக்க வைத்தேன். உன் பெண்டாட்டிக்கு என் குணம் தெரியும், செய்தாலும் செய்வேன் என்று பயந்துவிட்டாள். நான் செய்த தப்பை நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாயாம். உங்கள் குடியிருப்பில் உன்னைப் பொய்யன் என்று நினைக்கிறார்களாம். இதைக் கேட்டுவிட்டு நான் போனை வைத்தபோது அடுப்பில் குழம்பு தீய்ந்துபோயிருந்தது. உன் அப்பா வந்து அடுப்பை அணைக்கும்வரை எனக்கு அந்த வாடைகூடத் தெரியவில்லை.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு எழுதுவதுதான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் மொட்டை மாடியில் எல்லாரும் கூடி மருந்தடிக்காத காய்கறியைப் பிரித்துக்கொள்வீர்களே, அங்கே நின்று இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக்கூடாது என்று உன்னை வளர்த்தவளே நான்தான். அந்த வளர்ப்புத்தான் உன்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இந்த ஒரு தடவை தாண்டட்டும். எதையும் விட்டுவிட்டு வாசிக்காதே, என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வரிகளைத் தின்றுவிடாதே.

உன் புது வீட்டுக்கு நான் முதல் தடவை வந்தபோது எப்படி நடந்துகொண்டேன் என்று நினைத்தாலே இப்போது உடம்பு கூசுகிறது. சென்னையில் இருந்தவரை நீங்களும் எல்லாரையும் போலத்தான் இருந்தீர்கள். போனைத் தட்டினால் சாமான் வாசலுக்கு வரும், பால்கனி முழுக்க அட்டைப்பெட்டி கிடக்கும். என் பேத்தி இனியாவுக்கு மூச்சு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த பிறகு வேலையை மாற்றிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனீர்கள். போன இடத்தில் வாழ்க்கையையும் மாற்றிக்கொள்வது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ சைக்கிளோடு நிற்கிறாய். கார் எங்கேடா என்றால் விற்றாகிவிட்டது என்கிறாய். வீட்டுக்குள் வந்தால் கறி வாங்கத் தூக்குவாளி, மாவு வாங்கச் சம்படம், எண்ணெய் வாங்கப் பழைய பாட்டில் என்று வரிசையாகக் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. பால்கனியில் மண்பானை அடுக்கி, அதில் காய்த்தோலும் காய்ந்த இலையும் போட்டு மக்க வைத்திருக்கிறாய். பவித்ராவின் அம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார்கள். சம்பந்தி முன்னால் என்று பார்க்காமல், "ஏண்டா, படிச்சு உத்தியோகத்துக்குப் போனது குப்பையக் கிண்டத்தானா?" என்று கேட்டுவிட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

பாத்திரம் விளக்கப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் வைத்திருந்தாள் பவித்ரா. என் கைக்கு அது சரிப்படவில்லை. நுரை வராமல் பாத்திரம் கழுவினால் எனக்குக் கழுவின மாதிரியே இருக்காது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே கடைக்குப் போய்ப் பச்சைச் சோப்புக்கட்டி ஒன்று வாங்கி வந்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் சோறு முழுக்கச் சோப்பு வாடை. இனியா ஒரு வாய் வாங்கித் துப்பிவிட்டாள். நீ டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்து, கட்டியை எடுத்து என் கையில் வைத்து, "இந்தாம்மா, ஓம் பொதையலு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இங்கே போடிக்குத் திரும்பி வந்து என்ன சொன்னேன் தெரியுமா? மகன் ஏதோ சாமியார்களோடு சேர்ந்துவிட்டான், காரை விற்றுவிட்டான், என்ன கஷ்டமோ வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்கிறான் என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். நீ நல்லதுக்காக விட்டதை எல்லாம் வசதி இல்லாமல் விட்டதாக ஊரை நம்ப வைத்தவள் நான்.

இதை மாடியில் கேட்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். போடிமெட்டு தாண்டி மேலே எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. ஏலக்காய் பிஞ்சாக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி அதன் தோலைச் சுரண்டித் தின்னும். அந்த இடம் காய்ந்து வரிவரியாகத் தழும்பு விழும். அதைத்தான் சொறி என்போம். சொறிக்காய்க்குள்ளும் அரிசி, அதாவது விதை, இருக்கும், மணமும் இருக்கும், ஆனால் வியாபாரி கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். அதனால் சொறி விழாமல் இருக்க மருந்து அடிக்கிறோம். காய் எடுத்து ஓய்ந்ததும் அடிக்கிறோம், அடித்து ஓய்ந்ததும் காய் எடுக்கிறோம். எங்கள் தோட்டம் மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம்வரை அதுதான் நடக்கிறது. ஆனால் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் ஓடைக்கரையோரம் கொஞ்சம் செடித் தூர்களுக்கு மட்டும் மருந்துக் குழாய் போகாது. அது வீட்டுச்செடி. எங்கள் டீக்கும் பாயசத்துக்கும் அந்தக் காய்தான். ஸ்டோரில் உலர்த்தும்போதும் அதற்குத் தனித் தட்டு. வீட்டில் தனி டப்பா. தோட்டம் வைத்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இப்படி ஒரு மூலை இருக்கும். யாரும் அதை மறைத்துப் பேசினதும் இல்லை, தப்பென்று நினைத்ததும் இல்லை.

நீ சின்னப் பையனாக இருந்தபோது லீவுக்கு மலைக்கு வருவாய். ஓடைப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் பறி, மேட்டுப்பக்கம் கையை வைக்காதே, வைத்தால் வாயில் வைக்காதே என்று சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாள் நீயும் நானும் காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கட்டைவிரலால் காயின் முதுகைத் தடவிப் பார்த்துச் சொறி இருந்தால் தள்ளிவிட வேண்டும் என்று உனக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன். நீ வெரசாகப் பிடித்துக்கொண்டாய். திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "அப்ப இதத் திங்கிறவுங்க யாரும்மா?" என்று கேட்டாய். யாரோ எங்கேயோ இருக்கிறவர்கள் என்றேன். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்காதா என்றாய். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அடுப்புச் சூட்டுல அதெல்லாம் போயிரும், சோலியப் பாருடா" என்று சொல்லி உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். நீ அழவில்லை. மறுபடி காயைத் தடவ ஆரம்பித்துவிட்டாய். அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் எனக்கு அப்போதே தெரியும், அப்பு. தெரிந்ததால்தான் குட்டினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நீ போனில், மாடிக்காரர்களுக்குக் கொடுக்க வீட்டுச்செடிக் காய் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாய். நீ சுத்தமாகத்தான் கேட்டாய். வீட்டுச்செடி என்று பேர் சொல்லித்தான் கேட்டாய். எனக்கு ஒரே பெருமை. இந்த ஊரே வேண்டாம் என்று போனவன் நம் தோட்டத்துக் காயைக் கேட்கிறானே என்று டப்பாவில் இருந்ததை அப்படியே துணிப்பையில் கட்டி அனுப்பினேன். காசு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்ததும் நீ பேசினாய். பையைத் திறந்ததும் மாடி முழுக்க மணக்கிறது என்றாய். அதோடு விட்டிருக்கலாம். யாரோ ஒருவர் காயைப் பார்த்து, என்ன இப்படித் தழும்பாக இருக்கிறது என்று கேட்டதாகவும், அதுதான் மருந்தடிக்காததற்கு அடையாளம் என்று நீ விளக்கினதாகவும் சொல்லிச் சிரித்தாய். நீ சொன்னதில் பின்பாதி என் காதில் ஏறவே இல்லை. போடிக்காரி அனுப்பின காய் தழும்பாக இருக்கிறது என்று கோயமுத்தூரில் ஒருத்தர் சொல்லிவிட்டார் என்பது மட்டும் ராத்திரி முழுக்க முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து காய் பொறுக்கினவள் நான். என் பொறுக்கலில் ஒரு சொறிக்காய் இருக்கிறது என்று எந்த வியாபாரியும் சொன்னதில்லை.

அடுத்த தடவை நீ கேட்டபோது வீட்டுச்செடியிலும் காய் குறைவு. கோடைமழை ஏமாற்றிவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்து, அதிலும் பருங்காயாகப் பார்த்து, முதுகில் ஒரு கீறல் இல்லாமல், கண்ணாடி மாதிரி பச்சையாக இருப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அனுப்பினேன். இந்தத் தடவை எவர் வாய் பேசுகிறது பார்ப்போம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே பொறுக்கினேன். இது விஷம், இதைப் பிள்ளைத்தாய்ச்சிகள் தின்பார்கள், இனியா தின்பாள் என்று எதுவுமே தோன்றவில்லை என்றால் நீ நம்பமாட்டாய். தோன்றியது. தோன்றினதைத் தள்ளிவிட்டேன், சொறிக்காயைத் தள்ளுகிற மாதிரி. இனியாவுக்கு மட்டும் இருந்ததில் ஒரு கைப்பிடி வீட்டுக்காயைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து, பாப்பாவுக்கு என்று எழுதி அதே பைக்குள் வைத்தேன். என் பேத்திக்கு வேறு காய், மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வேறு காய் என்று என் கையாலேயே பிரித்துக் கட்டியிருக்கிறேன்.

அப்புறம் இனியாவின் பிறந்தநாளுக்கு வந்தேன். கையில் இன்னொரு பை, அதே கண்ணாடிப் பச்சை. நீ எனக்குச் சொல்லாமல் ஏற்பாடு செய்திருக்கிறாய். மாடிக்குக் கூட்டிப்போனால் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். ரிட்டயர் ஆன மல்லிகா டீச்சர் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இந்தக் காலத்திலும் விஷமில்லாமல் விவசாயம் செய்கிற தாய் என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். அந்த இடத்தில் எழுந்து, இல்லையம்மா, ஆள் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சால்வையின் நுனியை இழுத்து மடியில் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டு ரேவதி, அப்போது ஆறு மாசமோ ஏழு மாசமோ வயிறு, முன்னால் வந்து, மருந்து இல்லாமல் பூச்சியை எப்படிம்மா சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் கூசாமல் சொன்னேன். மோரைப் புளிக்க வைத்து, வேப்பெண்ணெய் கலந்து, விடியற்காலையில் தெளிப்போம் என்றேன். எப்போதோ யாரோ சொல்லக் கேட்டது. என் தோட்டத்தில் ஒரு சொட்டு மோர் ஊற்றினதில்லை. அவள் அதைப் போனில் பதிந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பவித்ரா நான் கொண்டுவந்த காயை ஒரு தட்டில் கொட்டி எல்லாருக்கும் காட்ட எடுத்து வந்தாள். இந்தத் தடவை எவ்வளவு அழகு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நீ ஒரு காயை எடுத்தாய். கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவினாய். திருப்பி மறுபக்கமும் தடவினாய். இன்னொன்றை எடுத்தாய். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்த மாடியில் இத்தனை பேர் இருந்தும் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான். நான் பழக்கின விரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மல்லிகா டீச்சர் பேசி முடித்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். நீ அந்தக் காயைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து நீயும் கை தட்டினாய்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட வந்தபோது நீ ஒன்றுமே கேட்கவில்லை. வாழைப்பழம் வாங்கி என் துணிப்பையில் வைத்தாய். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தாய். என்னால் பொறுக்க முடியாமல் நானாகவே, "அப்பு, இந்த வருசம் வீட்டுச்செடியில..." என்று இழுத்தேன். நீ என்னைப் பார்க்காமல், "பஸ்ச எடுக்கப் போறாரும்மா, ஊருக்குப் போயிப் போன் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாய். நீ திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். நீ திட்டாததால் நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பழனி வருவதற்குள் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்கியும் விட்டேன். அவ்வளவு தடித்த தோல் எனக்கு.

நான் தூங்கிக்கொண்டு வந்த அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பவித்ரா சொல்லி நேற்றுத்தான் தெரியும். வீடு வீடாக ஏறி இறங்கி, கொடுத்த காயையெல்லாம் திருப்பி வாங்கினாயாம். "எங்கம்மா குடுத்தது வேற. அதுல நான் வேற எடத்துச் சரக்கக் கலந்துட்டேன். அது மருந்தடிச்சது. தப்பு என்னோடது" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாயாம். ஒருவர் லாபத்துக்காகச் செய்தாயா என்று கேட்டாராம். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாயாம். மாடிக்காரர்களுக்குச் சாமான் வாங்கிப் போடுகிற பொறுப்பை உன்னிடமிருந்து வாங்கிவிட்டார்களாம். அந்த ஊருக்குப் புதிதாகப் போய், யாரையும் தெரியாமல், குப்பையைப் பிரிப்பது எப்படி, பானையில் மக்க வைப்பது எப்படி என்று ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி நீ சேர்த்துவைத்த பேர் அது. ரேவதி திட்டவில்லையாம். "அண்ணா, தெனமும் பால்ல தட்டிப் போட்டுக் குடிச்சேனே" என்று மட்டும் கேட்டாளாம். இப்போது அவள் கைக்குழந்தையோடு எதிரே வந்தாலும் உன்னிடம் முகம் கொடுப்பதில்லையாம். ஏன் இப்படிப் பொய் சொல்கிறாய் என்று பவித்ரா சண்டை போட்டதற்கு நீ சொன்ன பதிலையும் அவள் மறைக்கவில்லை. "எங்கம்மாவ நாலு பேரு பேசுறத நின்னு கேக்க என்னால ஆகாது" என்றாயாமே. வாழ்க்கையில் ஒரு பொய்யும் வேண்டாம் என்று காரையும் சோப்பையும் விட்ட பிள்ளையை நான் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

இன்று காலையில் ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். செல்வம் மேட்டுப்பக்கம் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். நீ சின்னப் பையனாக இருந்ததிலிருந்து நம் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன், வாயைச் சுற்றித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, "அங்கிட்டு ஓடைப்பக்கம் போங்க ஆத்தா, காத்து இங்கிட்டு வருது" என்றான். எப்போதும் சொல்வதுதான். எப்போதும் நானும் போவதுதான். இன்றைக்குத்தான் அவன் எங்கே போவான் என்று நினைத்தேன். அவனுக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுக்கக்கூட இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றினதில்லை. ஓடைப்பக்கம் போய் வீட்டுச்செடிகளுக்கு நடுவில் நின்றேன். சரமெல்லாம் தழும்புக் காய். நாங்கள் பத்திரமாக இருக்க ஒரு மூலையை வைத்துக்கொண்டு, மிச்ச மலை முழுக்க ஊருக்கு என்று விட்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். செல்வம் பார்த்திருப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இனிமேல் மருந்து வேண்டாம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரே அடிக்குது. நாம மட்டும் விட்டா அம்புட்டுப் பூச்சியும் நம்ம காட்டுக்குத்தேன் வரும்" என்றார். அதில் பொய் இல்லை. நீண்ட நேரம் சண்டை போட்டோம். கடைசியில் ஓடைக்கரையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் உள்ள காடு முழுவதையும் வீட்டுச்செடியோடு சேர்த்துவிடுவது, அதற்குள் மருந்துக் குழாய் போகக்கூடாது என்று ஒத்துக்கொண்டார். மேட்டுப்பக்கம் இன்னும் அடிக்கத்தான் செய்வோம். மொத்தத்தையும் இன்றோடு நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் உங்கள் மாடியில் கேட்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது என் அடுத்த பொய். செல்வத்துக்கு முகமூடியும் கையுறையும் வாங்கி ஜீப்பில் கொடுத்துவிட்டிருக்கிறேன். நாங்கள் செய்திருப்பது இவ்வளவுதான். இது சால்வைக்குப் போதாது.

தாய் என்று உனக்குப் புத்தி சொல்ல இன்னும் எனக்கு வாய் இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். காரை வாங்காதே. பானையைத் தூக்கிப் போடாதே. உன்னைக் கேலி பேசுகிறவர்கள் யாராக இருந்தாலும், பெற்றவளாக இருந்தாலும், சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. ஆனால் ஒன்று மட்டும் இனிமேல் செய்யாதே. பெற்றவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்கள் தப்பைத் தூக்கிச் சுமக்காதே. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும். நாளைக்கு இனியா உன் பொய்யைத் தன் பொய் என்று நாலு வாசலில் நின்று சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? நேற்றிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. கத்தியைக் கொண்டு வந்து குத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது, ராசா.

சாயந்திரம் இன்னொன்று நடந்தது. அதையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். டீ போடும்போது வீட்டு டப்பாவைத் தொடாமல், விற்பனைக்குக் கட்டி வைத்த மூட்டையிலிருந்து நாலு காயை எடுத்துத் தட்டிப் போட்டேன். நல்ல பருங்காய், சொறி இல்லாத காய். உன் அப்பாவுக்கு ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மூட்டை வாய் அவிழ்ந்து கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். மத்தியானம்தான் ஊரே அடிக்கிறது என்று என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன், தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"இந்தா, அந்த மூட்டையிலயா எடுத்த? வீட்டுக் காய் இல்லையா?" என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தம்ளரைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். என்னாலும் என் தம்ளரைக் குடிக்க முடியவில்லை, அப்பு. மற்றவர்களுக்கு என்று கையால் பொறுக்கிக் கொடுத்தவள், எனக்கு என்றதும் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஆறினதை இரண்டு பேருக்குமாகக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதோடு சால்வையைத் திருப்பி அனுப்புகிறேன். மல்லிகா டீச்சரிடம் கொடுத்துவிடு. அதற்குள் ஒரு பொட்டலம் இருக்கும். வீட்டு டப்பாவில் கடைசியாக இருந்த காய், எல்லாம் தழும்பு. அதைத் தட்டில் கொட்டி, முதுகைத் தடவிப் பார்க்க எல்லாருக்கும் சொல்லிக் கொடு, இனிமேல் என்னைப் போல ஒருத்தி அவர்களை ஏமாற்றாமல் இருக்கட்டும். மோரும் வேப்பெண்ணெயும் நான் சொன்ன கட்டுக்கதை என்று ரேவதியிடம் தனியாகவும் சொல். அவள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் கோபம் உன்மேல் இருக்கக்கூடாது, வரவேண்டிய இடத்துக்கு, என்மேல் வரட்டும். நான் அடுத்த மாசம் வந்து அவள் கதவை நானே தட்டுவேன். திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம்.

இதை வாசித்து முடித்ததும் மாடியில் இரக்கப்பட்டு யாராவது கை தட்டினாலும் தட்டுவார்கள். நீ மட்டும் தட்டாதே, அப்பு.

அம்மா